400 ராண்டும் மூன்று பதுங்கல் விளையாட்டுகளும்

அக்கா மகனுக்குப் போன மாதம் பத்தொன்பது முடிந்தது. பிறந்த நாளுக்கு நான் கொடுத்த 400 ராண்டை அப்படியே வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஃபோனை என் இலைக்குப் பக்கத்தில் நீட்டினான். பழைய கேம் டிஸ்க் விற்கிற கடையின் கண்ணாடி அலமாரியைப் படம் பிடித்து வந்திருக்கிறான்.

"மாமா, இதுல எதை வாங்கறது?"

டிஸ்ஆனர்ட் 2, மெட்டல் கியர் சாலிட் 5 (முழுப் பெயர் த ஃபேண்டம் பெயின்), ஹிட்மேன் 2. மூன்றும் பிளேஸ்டேஷன் 4 டிஸ்க். மூன்றுமே முன்னால் வந்த ஒன்றின் தொடர்ச்சி, ஒளிந்து ஒளிந்து ஆடுகிற ஸ்டெல்த் வகை. 18 வயது முத்திரையும் மூன்றிலும் உண்டு. அதனால்தான் அக்கா இத்தனை நாள் வீட்டுக்குள் விடவில்லை. புது கேம் ஒன்று இங்கே 1,000 ராண்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். படிக்கிற பையனுக்குப் பழைய டிஸ்க்தான் கட்டுப்படியாகும், 400-க்கு ஒன்றுதான் வரும்.

ஒரு வாரமாக ஆடியவர்கள் சொல்வதையெல்லாம் படித்துக் குழம்பிப் போயிருந்தான். "ஒருத்தன் இதை மிஞ்ச எதுவும் இல்லைங்கிறான். அடுத்தவன் காசு தண்டம்ங்கிறான். ரெண்டு பேரும் நூறு மணி நேரம் ஆடியிருக்கான் மாமா!"

நூறு மணி நேரம் ஆடிவிட்டுக் காசு தண்டம் என்கிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பது தனி விஷயம். ஆனால் அந்த இருவரும் பொய் சொல்லவில்லை. டிஸ்க் ஒன்றுதான், அவர்கள் ஆடிய ஆட்டம் வேறு வேறு.

சின்ன வயதில் ஐஸ்பாய் ஆடியவர்களுக்கு இது புரியும். எங்கள் தெருவில் இரண்டு வகைப் பையன்கள் இருந்தார்கள். ஒருவன் மாட்டுக்கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தான் என்றால் இருட்டும்வரை அசைய மாட்டான். யாராவது பார்த்துவிட்டால் "இது செல்லாது, முதல்லேருந்து" என்று சண்டைக்கு வருவான். இன்னொருவன் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்ததுமே குதித்து ஓடுவான், வேலி தாண்டுவான், எப்படியாவது சுற்றி வந்து எண்ணுகிறவன் முதுகில் தட்டிவிடுவான். அவனுக்கு ஆட்டமே அங்கேதான் தொடங்கும்.

ஸ்டெல்த் கேம் ஆடுகிறவர்களும் இந்த இரண்டு வகைதான். முதல் வகையை அழித்து எழுதுகிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம்: காவலாளி ஒருவன் 'யாரது?' என்று திரும்பினாலே போதும், பழைய சேவுக்கு, அதாவது முன்னால் சேமித்து வைத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள். இரண்டாவது வகை சமாளிக்கிறவர்கள். தொடர்ச்சிகளைப் பற்றி நடக்கிற சண்டையில் முக்கால்வாசி இந்த இருவருக்கும் நடுவே நடப்பதுதான். முதல் பாகம் ஒரு வகையை இழுத்துப் பிடித்திருக்கும். அடுத்த பாகத்தில் செய்தவர்கள் மற்ற வகைக்கும் இடம் கொடுக்கலாமே என்று கதவைத் திறப்பார்கள். உடனே முதல் வகைக்குத் தன் வீட்டைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருக்கும்.

ஸ்பிளின்டர் செல் என்கிற ஸ்டெல்த் விளையாட்டு வரிசைக்கு இதுதான் நடந்தது. 2005-இல் வந்த கேயாஸ் தியரி முழுக்க நிழல், பொறுமை, விழுந்த உடலைத் தூக்கி மறைப்பது. 2010-இல் வந்த கன்விக்‌ஷனில் அந்த உடலை நகர்த்தவே முடியாது. எதிரிகள் தலையில் குறி வைத்து, ஒரு பொத்தானை அழுத்தினால் வரிசையாகச் சாய்வார்கள். சமாளிக்கிறவர்களுக்குத் திருவிழா, அழித்து எழுதுகிறவர்களுக்கு இழவு வீடு. இரண்டு பேரும் எழுதியதைச் சேர்த்துப் படித்தால் ஒன்றும் விளங்காது. யார் எந்த வகை என்று பிரித்துவிட்டுப் படித்தால் எல்லாமே விளங்கும்.

எல்லாச் சண்டைக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2001-இல் மெட்டல் கியர் சாலிட் 2 வந்தபோது கோபம் வேறு காரணத்துக்கு. பழைய நாயகன் ஸ்னேக்கை முதல் கப்பல் பகுதியில் மட்டும் ஆட விட்டுவிட்டு, மீதி முழுவதையும் ரெய்டன் என்கிற புதுப் பையன் கையில் கொடுத்தார்கள். டிக்கெட் வாங்கி உட்கார்ந்த பிறகு ஹீரோவை மாற்றினால் கூச்சல் வராமல் இருக்குமா? அதே விளையாட்டை இன்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் ஏராளம். ஆகவே ஒரு கருத்தைப் படிக்கும்போது அது எழுதப்பட்ட தேதியையும் பார்க்க வேண்டும்.

தேதி என்றதும் டிஸ்ஆனர்ட் 2. ஃபிரான்சின் லியோன் நகரத்தில் இருக்கும் ஆர்கேன் குழு செய்தது, 2016 நவம்பரில் வந்தது. அந்த மாதத்தில் எழுதப்பட்ட வசவுகளில் பெரும்பகுதி கணினியில் ஆடியவர்களுடையது: படம் திக்குகிறது, நல்ல கார்டு போட்டும் ஓடவில்லை என்று. நியாயமான கோபம்தான். அப்புறம் அப்டேட்கள் வந்தன. பிளேஸ்டேஷனில் பழைய டிஸ்க் வாங்கப்போகிறவன் அந்த வசவுகளை எடைக்குப் போட்டுவிடலாம்.

மிச்சமிருக்கிற குறைகள்தான் பேச வேண்டியவை. கதை மெலிசு. 15 வருடம் கழித்துப் பழைய அரசி மகள் எமிலி சிம்மாசனத்தில் இருக்கிறாள், டெலைலா என்கிற சூனியக்காரி வந்து பிடுங்கிக்கொள்கிறாள், எமிலியோ அவள் அப்பா கோர்வோவோ போய் மீட்க வேண்டும். டெலைலா யார் என்று முதல் பாகத்தின் கூடுதல் அத்தியாயங்களை ஆடியவனுக்குத்தான் சரியாகத் தெரியும். இன்னொரு பழைய புகார், கை நிறையக் கொல்வதற்கான பொம்மைகளைக் கொடுத்துவிட்டு, கொன்றால் ஊர் கெட்டுப்போகும், முடிவு இருண்டுபோகும் என்று பிரம்பெடுப்பது. முதல் பாகத்தில் அது உறுத்தத்தான் செய்தது. இரண்டாவதில் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்கள். மேலிருந்து குதித்து ஆளைக் கொல்லாமல் மயக்கலாம், கத்திச் சண்டைக்கு நடுவிலேயே கழுத்தைப் பிடித்துத் தூங்க வைக்கலாம். இந்த இரண்டும் முதல் பாகத்தில் இல்லை.

ஆனால் இந்த விளையாட்டை வாங்குவதற்கு ஒரே காரணம் சொல்லச் சொன்னால் நான் ஜிண்டோஷ் வீட்டைச் சொல்வேன். ஒரு பெரிய மாளிகை, சுவரில் ஒரு நெம்புகோல். இழுத்ததும் தரை மடிகிறது, சுவர் சுழல்கிறது, சாப்பாட்டு மேசை கீழே இறங்குகிறது, வேறொரு அறை எழுந்து வருகிறது. எல்லாரும் முதலில் வாயைப் பிளந்து நிற்பார்கள். கொஞ்சம் கள்ளத்தனம் உள்ளவன் மட்டும், சுவர் சுழலும்போது ஒரு கணம் தெரிகிற இடுக்கைக் கவனிப்பான். அதற்குள் நுழைந்துவிட்டால் பல்சக்கரங்களுக்கு நடுவே, யந்திரத்தின் வயிற்றுக்குள் நடக்கலாம். வீட்டுக்காரன் ஜிண்டோஷ் ஒலிபெருக்கியில் விருந்தாளியிடம் பெருமை பேசுகிறவன். நாம் உள்ளே வந்ததே தெரியாமல் அவன் முதுகுக்குப் பின்னால் போய் நிற்க முடியும். அப்படி முடித்தால் அதற்கென்று பிளேஸ்டேஷனில் ஒரு பரிசுக் கோப்பையே உண்டு. நான் இதை மூன்று இரவு முயன்று செய்தேன். கடைசியில் அவன் தலைக்குப் பின்னால் நின்றபோது என் கையில் கண்ட்ரோலர் வியர்த்து வழுக்கியது.

காலத்தில் மூன்று வருடம் முன்னும் பின்னும் தாவுகிற ஒரு பாழடைந்த மாளிகையும் உண்டு. அதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். தானாகப் பார்த்தால்தான் ருசி.

மெட்டல் கியர் சாலிட் 5 வேறு ஜாதி. 2015 செப்டம்பரில் வந்தது. 1984-இல் நடக்கிற கதை, முதலில் ஆப்கானிஸ்தானின் மலைகள், அப்புறம் அங்கோலா–ஜயீர் எல்லை. இங்கேதான் நம் ஊர்க்காரனுக்கு ஒரு தனி லாபம் இருக்கிறது. எதிரிகள் தங்களுக்குள் அவரவர் மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். ஆப்கானிஸ்தானில் ருஷ்ய மொழி. அதைப் புரிந்துகொள்ள ஒரு மொழிபெயர்ப்பாளனைக் கடத்திக்கொண்டு வந்து நம் முகாமில் வைக்க வேண்டும், அதுவரை அது வெறும் இரைச்சல். ஆப்பிரிக்கப் பகுதிக்கு வந்தால் கூலிப்படைக்காரர்கள் பேசுவது நம் தென்னாப்பிரிக்க மொழியான ஆஃப்ரிகான்ஸ்!

என் வீட்டில் ஒருமுறை அக்கா மகன் இதை ஆடியபோது பக்கத்தில் இருந்தேன். புதருக்குள் படுத்திருக்கிறான், இரண்டு காவலாளிகள் பேசிக்கொண்டு போகிறார்கள், திரையில் எழுத்து எதுவும் வரவில்லை. இவன் களுக்கென்று சிரித்தான். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த மொழி, டர்பனில் வீட்டிலும் தெருவிலும் யாருக்கும் உதவாத மொழி, அன்றைக்குத்தான் முதல் தடவையாக உபயோகப்பட்டது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆடுகிறவனுக்கு மொழிபெயர்ப்பாளன் வேண்டும். சாட்ஸ்வர்த் பையனுக்கு வேண்டாம். நான் மட்டும் கொஞ்சம் நெளிந்தேன். 1984 என்றால், தென்னாப்பிரிக்கப் படைகள் அங்கோலாவுக்குள் உண்மையிலேயே போய் வந்துகொண்டிருந்த காலம். இங்கே சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்சிலும் இந்தியர்களுக்கென்று வைத்த தனி நாடாளுமன்ற அவைத் தேர்தலை மக்கள் பெருவாரியாகப் புறக்கணித்த வருடமும் அதுதான். விளையாட்டு அதற்குள் எல்லாம் போகவில்லை. அதன் வேலையும் அது இல்லை.

இதில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? காவலாளி பார்த்த கணத்தில் நேரம் மெதுவாகிறது. ஓரிரண்டு நொடி. அதற்குள் அவனைச் சாய்த்துவிட்டால் முகாம் விழித்துக்கொள்ளாது. வேண்டாம் என்றால் அமைப்புகளில் போய் நிறுத்தியும் விடலாம். சமாளிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல மெத்தை யாரும் போட்டதில்லை. இன்னொரு அழகு, எதிரி நம்மிடமிருந்து பாடம் கற்கிறான். நாம் எப்போதும் தலையில் சுட்டால் கொஞ்ச நாளில் எல்லாரும் இரும்புத் தொப்பி போட்டுக்கொள்கிறார்கள். இரவிலேயே போனால் இருட்டில் பார்க்கிற கண்ணாடி மாட்டிக்கொள்கிறார்கள். நம் சோம்பேறித்தனத்தை நம் முகத்திலேயே திருப்பி அடிக்கிற ஏற்பாடு.

இதை வைகிறவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டாம் அத்தியாயத்தில் பழைய மிஷன்களையே கஷ்டம் ஏற்றி மறுபடி கொடுக்கிறார்கள். கதையின் பெரும்பகுதி ஒலிநாடாக்களில் கிடக்கிறது, நாம்தான் போட்டுக் கேட்க வேண்டும். ஸ்னேக்குக்கு வழக்கமாகக் குரல் கொடுத்த டேவிட் ஹேய்ட்டருக்குப் பதில் கீஃபர் சதர்லேண்ட். அவரும் அதிகம் பேசவில்லை. முடிக்கப்படாத கடைசி மிஷன் ஒன்று சிறப்புப் பதிப்பின் வட்டில் அரைகுறைக் காட்சிகளாகத்தான் வெளிவந்தது. அந்த வருடக் கடைசியில் இந்த வரிசையை உருவாக்கிய ஹிதேயோ கொஜிமா, அதை வெளியிட்ட கோனாமி நிறுவனத்தை விட்டே போய்விட்டார். கதைக்காக வாங்குகிறவன் பாதிப் பந்தியில் எழுந்துபோன மாதிரி உணர்வான். மிஷனுக்குள் நினைத்த இடத்தில் சேவ் செய்யவும் முடியாது, அதுவாகக் குறிக்கிற இடம்தான்.

ஹிட்மேன் 2, 2018 நவம்பர். வேடம் மாற்றி மாற்றிப் போய் ஆளைத் தீர்க்கிற கூலிக் கொலைகாரனின் ஆட்டம். முதல் பாகத்தை 2016-இல் மாதத் தவணையில் ஊர் ஊராக விற்றார்கள், அதற்கு நிறையத் திட்டு வாங்கினார்கள். இதை ஒரே கட்டாகக் கொடுத்தார்கள். எதிரி பார்ப்பது இங்கே பாதித் தோல்விகூட இல்லை. சமையல்காரன் வேடம் கலைந்ததா, பின்கட்டுக்குப் போய்ப் பணியாளன் சட்டையை மாட்டிக்கொள். மும்பை ஊர் ஒன்றும் உண்டு. அதில் வில்லன் ஒருவனை முதலில் கூட்டத்தில் அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும், முகமே தெரியாது. அப்புறம் நாவிதன் வேடத்தில் அவனுக்கே சவரக் கத்தியைத் தீட்டலாம். இந்திய ஊர்ச் சந்தடியை வெளிநாட்டுக்காரர்கள் வரைந்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது, ஆனால் ஆட்டம் வெகு ஜோர். இடையே வருகிற கதைக் காட்சிகள் அசையாத படங்கள். அதைப் பெரிய குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பொருட்படுத்த வேண்டியது இணையம். தனியாள் ஆட்டம்தான், ஆனாலும் சவால்கள், புது ஆயுதங்கள், தேர்ச்சி நிலை எல்லாமே சர்வரோடு பேசிக்கொண்டிருந்தால்தான் ஏறும். நடுவில் தொடர்பு போனால் ஆட்டம் நின்று, மறுபடி இணைக்கவா என்று கேட்கும். இணையத்தோடு ஆடும்போது சேவ் செய்ததை இணையம் இல்லாமல் திறக்கவும் முடியாது. வேறு நாட்டுக்காரன் இதை ஒரு வரிப் புகாராக எழுதிவிட்டுப் போவான். நம் ஊரில் இது தலையாய கேள்வி.

2023-இல் லோட்ஷெட்டிங், அதாவது முறை வைத்துச் செய்கிற மின்வெட்டு, உச்சத்தில் இருந்தபோது சில நாள் மூன்று தடவை, தடவைக்கு இரண்டு மணி நேரம் கரண்ட் போனது. 2024 மார்ச்சுக்குப் பிறகு பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது, சரி. ஆனாலும் கேபிள் திருட்டும் டிரான்ஸ்ஃபார்மர் கோளாறும் நிற்கவில்லை. அக்கா வீட்டில் ரவுட்டருக்கும் ஒரு விளக்குக்கும் போதுமான சின்ன பேட்டரிதான் இருக்கிறது. டிவியையும் பிளேஸ்டேஷனையும் அது தாங்காது. என் வீட்டில் நேர் எதிர்: இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் ஓட்டும், ஆனால் தெருவுக்கு வருகிற இணையமே செத்துவிடும். ஒரு நாள் ஹிட்மேனில் முக்கால் மணி நேரம் தோட்டக்காரன் வேடத்தில் காத்திருந்துவிட்டு, 'மறுபடி இணைக்கவா' என்ற எழுத்தை நாற்பது நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். தொப்பி கழற்றாத தோட்டக்காரன்.

இன்னொரு நடைமுறை விஷயம். 2023 ஜனவரியில் ஹிட்மேனின் மூன்று பாகங்களையும் வேர்ல்ட் ஆஃப் அசாசினேஷன் என்று ஒரே பெயரில் சேர்த்துவிட்டார்கள். அதற்காகக் கொஞ்சம் காசு சேர்த்து, தள்ளுபடியில் அதையே வாங்குவது புத்தி. இரண்டாம் பாகத்தை மட்டும் பழைய டிஸ்க்காக இன்று வாங்குவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. அதனால் அவன் பட்டியலிலிருந்து அதை முதலிலேயே அடித்துவிட்டேன்.

மிச்சம் இரண்டு. என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு மெட்டல் கியர் என்பேன். நான் வேலி தாண்டுகிற ஆள். மாட்டிக்கொண்டு, குதிரை மேல் பாய்ந்து, குண்டு காதோரம் போக மலைப்பள்ளத்தில் இறங்குகிற அந்தப் பத்து நிமிஷம்தான் எனக்கு முழுக் காசுக்கும் சமம்.

ஆனால் வாங்குவது நான் இல்லை. அக்கா மகன் டிஸ்ஆனர்ட் முதல் பாகத்தை என் வீட்டில் ஆடியதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பாலத்தைக் கடக்க நாற்பது நிமிஷம். காவலாளி இருமினால்கூடப் பழைய சேவுக்குப் போவான். கல்லூரிக் கட்டுரையில் ஒரு எழுத்து தப்பினால் பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிற பிள்ளை. மெட்டல் கியரில் இவனுக்கு நினைத்த இடத்தில் சேவ் கிடையாது. மாட்டிக்கொண்ட பிறகு வருகிற ருசியான பகுதியை இவன் தண்டனையாகவே அனுபவிப்பான். ஆஃப்ரிகான்ஸ் கேட்டுச் சிரித்ததை வைத்து அவனுக்கே அந்தப் பக்கம் மனசு சாய்ந்திருந்தது. நான்தான் ஒரு சாயங்காலம் சிரித்த சிரிப்புக்கு 400 ராண்ட் அதிகம் என்றேன்.

டிஸ்ஆனர்ட் 2-இல் வேண்டிய இடத்தில் சேவ் செய்யலாம். கரண்ட் போனாலும் இரண்டு நிமிஷ நஷ்டம்தான். இணையம் வேண்டாம். அப்டேட்டை மட்டும் ஒரு தடவை இறக்கிக்கொண்டால் சரி. மிஷன் முடிவில் யாரும் பார்க்கவில்லை, யாரையும் கொல்லவில்லை என்று தனித்தனியாகச் சான்றிதழ் மாதிரி காட்டுகிறது, இவனைப் போன்றவர்களுக்கு அதுதான் பிரசாதம். மந்திர சக்தி எதையும் ஏற்க மாட்டேன் என்று தொடக்கத்திலேயே மறுத்துவிட்டு முழுவதையும் ஆடவும் வழி இருக்கிறது. இரண்டாம் சுற்றுக்கு அது போதும். கதை மெலிசு என்கிற குறை இவனுக்கு உறைக்காது, கதைக் காட்சிகளைத் தாண்டிவிட்டுப் போகிறவன்.

திங்கட்கிழமை வாங்கினான். வியாழக்கிழமை இரவு அக்காவிடமிருந்து ஃபோன். "ஏன்டா, அவனுக்கு என்ன கேம் வாங்கச் சொன்ன?"

வயிற்றில் புளி கரைந்தது. ரத்தம் எதையாவது பார்த்துவிட்டாளோ என்று நினைத்தேன். விஷயம் வேறு. விளையாட்டில் தூசு மாவட்டம் என்று ஓர் இடம். அங்கே ஒரு பெரிய கதவில் ஜிண்டோஷ் செய்த பூட்டு. ஐந்து சீமாட்டிகள் விருந்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், யார் எந்த ஊர், என்ன நிறம் உடுத்தியிருக்கிறாள், என்ன குடிக்கிறாள், யாரிடம் எந்த நகை என்று சுற்றிச் சுற்றிக் குறிப்புகள். நகை எது யாருடையது என்று கண்டுபிடித்துப் பூட்டில் வைக்க வேண்டும். விடை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாறும், அதனால் இன்னொருவனிடம் பார்த்து எழுத முடியாது. பையன் குறிப்பை ஃபோனில் படம் பிடித்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. அக்கா ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவள். என்னடா அது என்று ஃபோனை வாங்கி, அந்த ஒற்றை விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் பில்லின் பின்பக்கம் ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டிருக்கிறாள்.

"அரை மணி நேரம்தான்டா ஆச்சு. பச்சைப் புடவைக்காரிகிட்ட ஆரம்பிச்சா மீதி எல்லாம் தானா விழுந்துருது."

சீமாட்டிகள் புடவை கட்டவில்லை என்று நான் திருத்தவில்லை.

கரண்ட் வந்ததும் பையன் விடையை வைத்திருக்கிறான், பூட்டு திறந்துவிட்டது. திறந்ததில்தான் தகராறு. அந்தப் பூட்டைத் தீர்த்துவிட்டால், இரண்டு கும்பல்களுக்கு நடுவே புகுந்து செய்ய வேண்டிய அந்த மிஷன் முழுவதையும் தாண்டி நேரே அடுத்ததற்குப் போய்விடலாம். பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது: "மாமா, காசு கொடுத்து வாங்கின ஒரு மிஷனையே அம்மா முடிச்சுட்டாங்க!"

பழைய சேவுக்குப் போயிருக்கிறான் என்று அக்கா சொன்னாள். அந்தக் கட்டம் போட்ட பில்லை மட்டும் குளிர்பெட்டி மேல் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாளாம்.